சாண்ட்பேப்பர் வேண்டாம்: ஒரு ஜப்பானிய வாளும் அதன் அலங்கார உடுப்பும்

கடந்த வருடக் கடைசியில் கண்டியிலிருந்து நண்பர் ஒருவர் வட்ஸ்அப்பில் நான்கு படங்களை அனுப்பியிருந்தார். மங்கலான படங்கள். முதலாவதில் பழைய சாக்குத் துணி, அதன்மேல் நீளமாக ஏதோ ஒன்று. இரண்டாவதில் பொன்னிறப் பூவேலை செய்த ஒரு கைபிடி. மூன்றாவதில் மண்ணிறப் பூச்சு உரிந்த உறை. நான்காவதில் உறையிலிருந்து அரைவாசி இழுக்கப்பட்ட, புள்ளி புள்ளியாகத் துருவேறிய வாள். கீழே ஒரு குறிப்பு: “அப்பப்பான்ர சாமான். சீலிங்குக்கு மேல கிடந்தது. பிடியில இருக்கிறது தங்கமோ தெரியேல்லை. அம்மா சாண்ட்பேப்பர் வாங்க ஆளனுப்பிப்போட்டா.”

“ஒண்டும் செய்யாதையுங்கோ, நான் வாறன்” என்று பதில் போட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறினேன்.

நான் வாள் நிபுணன் அல்ல. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பயிற்சிக்காக டோக்கியோ போயிருந்தபோது, ஓய்வாகக் கிடைத்த ஒரு பிற்பகலை உவேனோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் கழித்தேன். வாள்கள் வைக்கப்பட்டிருந்த அறைக்குள் மழைக்கு ஒதுங்குவது போலத்தான் நுழைந்தேன். வெளியே வரும்போது மூடும் மணி அடித்துவிட்டது. அன்றிலிருந்து இந்த விடயம் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்து வருகிறேன். நண்பருக்கு என் நினைவு வந்ததும் அதனால்தான்.

உவேனோவில் எனக்கு முதலில் விளங்காமல் போனது ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிப் பெட்டியில் வாளின் அலகு மட்டும் வெள்ளைத் துணிமேல் தனியாகக் கிடந்தது. பிடி இல்லை, உறை இல்லை. பிடிக்குள் போக வேண்டிய கறுத்த அடிப்பகுதியும் அப்படியே வெளியே தெரிந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு இடத்தில், பொன் மினுங்கும் உறையும் பிடியும் ஒரு முழு வாளைப் போலவே இருந்தன. இரண்டும் ஒரே வாளின் பாகங்கள் என்று விளக்கக் குறிப்பு சொன்னது. அப்படியென்றால் அந்த உறைக்குள் இருப்பது என்ன? மரம். அலகின் வடிவத்திலேயே செதுக்கப்பட்ட ஒரு மரத்துண்டு பிடியையும் உறையையும் கோர்த்து வைத்திருக்கிறது. அதற்கு சுனாகி என்று பெயர்.

ஜப்பானிய வாளைப் பற்றி அறிய விரும்பும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அங்கே அலகு ஒரு பொருள், அதன் உடுப்பு வேறொரு பொருள். உடுப்பை கொஷிராயே என்கிறார்கள். பிடி, கைகாப்புத் தட்டு, உறை, அதில் பதித்த உலோக வேலைகள், கட்டும் பட்டுக் கயிறு எல்லாம் அதில் அடங்கும். அலகைக் கொல்லர் செய்வார், கைகாப்பை இன்னொரு உலோகக் கலைஞர் செய்வார், உறையை மரவேலைக்காரரும் அரக்குப் பூசுபவரும் செய்வார்கள். பிடிக்குக் கயிறு சுற்றுவதற்கென்றே தனியாக ஆள். இத்தனை பேருடைய வேலையையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது மெகுகி எனப்படும் ஒரேயொரு மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் வாள் கழன்றுவிடும். ஒரு வாளுக்குப் பல உடுப்புகள் இருக்கலாம். வீட்டில் ஓய்வாக இருக்கும்போது ஷிராசாயா எனப்படும் பூச்சில்லாத வெறும் மர உறை, வெளியே போகும்போது அலங்கார உறை. நம்மவர் வீட்டில் சாரமும் கோயிலுக்குப் பட்டு வேட்டியும் கட்டுவதைப் போல.

அலகும் உடுப்பும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதே உவேனோ அருங்காட்சியகத்தில் சுயிர்யூகென், அதாவது ‘நீர் நாக வாள்’, என்றொன்று இருக்கிறது. அதன் நேரான அலகு 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மெய்ஜி பேரரசர் அதற்குப் புதிய உடுப்புச் செய்யச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டின் பெரிய உலோகக் கலைஞரான கானோ நட்சுவோ செய்து கொடுத்தார். அலகுக்கும் உறைக்கும் இடையே ஆயிரம் வருடங்களுக்கு மேல் இடைவெளி.

கதானா என்ற சொல்லைத் திரைப்படங்கள் நம் எல்லோருக்கும் பழக்கிவிட்டன. ஆனால் சடங்கு, அரண்மனை, கோயில் என்று வரும்போது பேசப்படுவது தாச்சி. அது கதானாவுக்கு மூத்தது. 10ஆம் நூற்றாண்டையொட்டி, குதிரை மேலிருந்து போரிட்டவர்களின் தேவையோடு வளைந்த வடிவம் எடுத்தது. கதானாவை இடுப்புப் பட்டிக்குள் கூர் மேலே பார்க்கச் செருகுவார்கள். தாச்சியோ இடுப்பிலிருந்து இரண்டு தொங்கல்களில், கூர் கீழே பார்க்கத் தொங்கும். உறையில் இரண்டு கொளுவிகள் இருந்தால் அது தாச்சி முறையிலான உடுப்பு. கொல்லர் தன் பெயரை வெட்டும் பக்கமும் இதனால் மாறுகிறது. அணிந்திருக்கும்போது வெளிப்பக்கம் எதுவோ அதில்தான் பெயரைப் பொறிப்பார்கள். ஆகவே தாச்சியில் பெயர் ஒரு பக்கம் என்றால் கதானாவில் அது மறுபக்கம். அலகை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது எப்படி அணியப்பட்டது என்று சொல்ல இந்தச் சின்ன விடயம் உதவுகிறது.

சடங்கு உடுப்புகளில் உச்சம் கஸாதாச்சி. ஹெய்யான் காலத்து அரண்மனையில் பெரிய விழாக்களின்போது உயர் பதவியில் இருந்த பிரபுக்கள் அணிந்தது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்திடம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்று உள்ளது. தேசியப் பொக்கிஷமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. உறையில் நஷிஜி என்ற அரக்கு வேலை. பொன் துகள்களைத் தூவி, அதன்மேல் ஒளி ஊடுருவும் அரக்கைப் பூசித் தேய்ப்பார்கள். பேரிக்காயின் தோலைப் போல இருப்பதால் அந்தப் பெயர். அதற்குள் சிப்பியை வெட்டிப் பதிப்பது ராதென். நல்ல ராதென் வேலைக்கு ஜப்பானின் தெற்குத் தீவுகளின் கடலில் கிடைக்கும் பெரிய பச்சைச் சங்கினத்தின் ஓட்டைத் தேடினார்கள். பிடியில் வெள்ளைத் திருக்கைத் தோல். ‘சமே’ என்றால் ஜப்பானிய மொழியில் சுறா. ஆனால் வாள்பிடியில் இருப்பது பெரும்பாலும் திருக்கையின் தோல்தான். பருக்கள் ஒழுங்காக அமைந்த பெரிய தோலுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. தென்கிழக்காசியக் கடல்களிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். திருக்கை வாலைச் சாட்டையாக்கி வீட்டு வளையில் செருகி வைத்த நம் ஊர்க்காரருக்கு, அதே மீனின் தோல் ஓர் அரசவைப் பிரபுவின் வாள்பிடியில் இருந்தது என்றால் சிரிப்பு வரும். பிடி வழுக்காது என்பதுதான் காரணம். அழகு பிறகு வந்தது.

இந்த அலங்கார வாள்கள் பலவற்றின் உள்ளே கூரான அலகே இருக்கவில்லை. மொட்டையான ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான். அரண்மனைக்குள் யாரும் அதை உருவப் போவதில்லை. அணிபவரின் பதவியைச் சொல்வதற்குத்தான் அது. பிற்காலத்தில் எதோ காலத்து ஷோகன் ஆட்சியில் பிரபுக்கள் ஒருவருக்கொருவர் வாளைப் பரிசளிப்பது கட்டாய மரியாதையாகியது. அந்த மரியாதை பெருத்துப் பெருத்து, கடைசியில் மரத்தால் செய்து கறுப்பு அரக்குப் பூசிய பொய்வாள்களைக் கொடுப்பதும் வழக்கமானது. கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். நம்முடைய கல்யாண வீடுகளின் மொய்க் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே காலத்தில் பிரபுக்கள் மிக விரும்பிய உடுப்பு இத்தோமாகி தாச்சி. பிடிக்கு மட்டுமல்லாமல் உறையின் மேற்பகுதிக்கும் பட்டுக் கயிறு சுற்றியிருப்பார்கள். கவசத்தோடு உரசி அரக்குப் பூச்சு பழுதாகாமல் இருக்கப் போர்க்களத்தில் தொடங்கிய வழக்கம் அது. கவசம் அணியும் தேவை போன பிறகும் கயிறு நின்றுவிட்டது. நஷிஜி உறையில் வரிசையாகக் குடும்பச் சின்னம். ஏல விற்பனைகளில் ‘சடங்கு வாள்’ என்று வருவனவற்றில் பல இந்த வகைதான்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது நாராவில் உள்ள கசுகா தாய்ஷா கோயிலின் 12ஆம் நூற்றாண்டு தாச்சி. அதுவும் தேசியப் பொக்கிஷம். பொன்தூள் பரப்பிய உறையில் சிப்பியால் ஒரு மூங்கில் தோப்பு. அதற்குள் ஒரு பூனை, சிட்டுக்குருவிகளைத் துரத்துகிறது. உறையின் நீளத்துக்கு ஒரே பூனை திரும்பத் திரும்ப வந்து கதை நகர்கிறது, படக்கதை வாசிப்பது போல. தெய்வத்துக்குக் காணிக்கையாகப் போன வாளில் பூனை விளையாட்டு எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரிந்த விடை, செய்தவருக்குப் பூனை பிடித்திருந்தது என்பதுதான். உள்ளே இருக்கும் அலகு துருவேறி உறையோடு ஒட்டிவிட்டது. இப்போது உருவ முடியாது. உடுப்பு பிழைத்து, உடம்பு போய்விட்டது.

இசே பெருங்கோயில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறது. 20 வருடங்களுக்கு ஒருமுறை கோயிலையே புதிதாகக் கட்டுகிறார்கள். தெய்வத்துக்குரிய பொருட்களையும், வாள்கள் உட்பட, பழைய முறைப்படி புதிதாகச் செய்கிறார்கள். கடைசியாக 2013இல் நடந்தது 62ஆவது தடவை. பழுதாகட்டும் என்று விட்டு, செய்யத் தெரிந்த கைகளைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. அங்கேயும் ஒரு நெருக்கடி உண்டு. அந்த வாள்களில் ஒன்றான சுகாரி தாச்சியின் பிடிக்குத் தோக்கி என்ற கொண்டை அரிவாள்மூக்கனின் இறகு வேண்டும். ஜப்பானில் பிறந்த கடைசித் தோக்கி சாதோ தீவில் 2003இல் இறந்துபோனது. சீனாவிலிருந்து வந்த பறவைகளைக் கொண்டுதான் அந்த இனத்தைத் திரும்பப் பெருக்கினார்கள். ஒரு வாளின் பிடி ஒரு பறவையை நம்பி இருக்கிறது.

அலகைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. இரும்பு மணலைக் கரியோடு சேர்த்து, தத்தாரா எனும் களிமண் உலையில் மூன்று பகல் மூன்று இரவு எரிப்பார்கள். ஏறத்தாழ 10 தொன் மணலும் 12 தொன் கரியும் போட்டால் சுமார் இரண்டரைத் தொன் எடையுள்ள ஒரு கட்டி கிடைக்கும். அதை உடைத்து, நல்ல உருக்கைத் தெரிந்தெடுப்பார்கள். நின்றுபோயிருந்த அந்த உலை ஷிமானே மாகாணத்தில் 1977இல் திரும்ப மூட்டப்பட்டது. இன்றைய வாள் கொல்லர்களுக்கு உருக்கு வருவது அங்கிருந்துதான். உருக்கை மடித்து மடித்து அடித்து, உள்ளே மென்மையான இரும்பும் வெளியே கடினமான உருக்குமாக வைத்து அலகாக்குவார்கள். பிறகு களிமண் பூச்சு: முதுகுப் பக்கம் தடிப்பாக, கூர்ப் பக்கம் மெல்லியதாக. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கினால் கூர் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கிறது. வாள் தன் வளைவில் பெரும் பங்கை அந்தக் கணத்தில்தான் எடுக்கிறது. இரண்டு வகை உருக்கும் சந்திக்கும் எல்லை வெண்புகை போல அலகில் தெரியும். அதை ஹமோன் என்பார்கள். உவேனோவில் உள்ள ‘மிக்காசுக்கி முனேச்சிக்கா’ என்ற புகழ்பெற்ற தாச்சியில் அந்த எல்லையோரத்தில் பிறை வடிவங்கள் மிதக்கின்றன. மிக்காசுக்கி என்றால் மூன்றாம் பிறை.

ஹமோன் தெரிய வேண்டும் என்றால் தேய்க்க வேண்டும். தேய்ப்பது தனித் தொழில், கற்க வருடக்கணக்கு எடுக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை உருக்கு போய்விடுகிறது. போனது திரும்பி வராது. அதனால்தான் நண்பரின் அம்மா சாண்ட்பேப்பர் வாங்க ஆளனுப்பினார் என்றதும் எனக்குப் பதறியது.

அடுத்தது கண்டியின் கதை.

1944 ஏப்ரலில் தென்கிழக்காசியாவுக்கான நேச நாடுகளின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைத் தாவரவியல் பூங்கா கந்தோராகியது. பர்மா யுத்தத்தின் கடைசிப் பகுதி அங்கிருந்துதான் நடத்தப்பட்டது. 1945 ஓகஸ்டில் ஜப்பான் பணிந்தபோது வாள் ஒரு பிரச்சினையாக எழுந்தது. அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர், வாளை ஒப்படைக்கும் பழைய சடங்கு எல்லாம் வேண்டாம் என்ற நிலைப்பாட்டில் இருந்தார். மவுண்ட்பேட்டனும் பர்மாவில் 14ஆவது படையை நடத்திய ஸ்லிம்மும் அதை ஏற்கவில்லை. தோற்றோம் என்பது ஜப்பானியப் படையினரின் மனதில் பதிய வேண்டுமென்றால், அவர்களுடைய அதிகாரிகள் தமது சிப்பாய்களின் கண்முன்னே வாளைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அப்படியே நடந்தது. ஜப்பானின் தெற்குப் படைகளுக்குத் தலைவரான தெராவுச்சி நோயுற்றிருந்ததால் செப்டெம்பர் 12இல் சிங்கப்பூர் வைபவத்துக்கு வர முடியவில்லை. நவம்பர் 30இல் சைகோனில் வைத்து அவர் தன் குடும்பத்து வாளை மவுண்ட்பேட்டனிடம் கொடுத்தார். 1413இல் செய்யப்பட்ட அந்தக் குட்டை வாள் இன்று விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

இப்படி ஒப்படைக்கப்பட்ட வாள்கள் எண்ணற்றவை. பெரும்பாலானவை சாதாரண அதிகாரிகளுடையவை. அவை நினைவுப் பொருட்களாகப் பிரித்தானிய, இந்திய அதிகாரிகளின் பெட்டிகளுக்குள் போயின. நண்பரின் அப்பப்பா அப்போது பேராதனையில் இலிகிதராக இருந்தவர். ஒரு வெள்ளைக்கார மேஜர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது என்பது வீட்டுக் கதை. எழுத்தில் எதுவும் இல்லை.

ஜப்பானுக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். பொதுமக்களிடம் இருந்த வாள்களையும் ஆயுதம் என்றே ஆக்கிரமிப்புப் படை கணக்கெடுத்தது. வீட்டுக்கு வீடு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குவிந்தவற்றில் ஒரு பங்கு உருக்கப்பட்டது, ஒரு பங்கு கடலில் போடப்பட்டது. 1945 டிசம்பரில் தொக்குகாவா குடும்பத்தின் தலைவர், முன்னாள் ஷோகன்களின் வாரிசு, தன் வீட்டு வாள்களை டோக்கியோவின் மெஜிரோ பொலிஸ் நிலையத்தில் கையளித்தார். மற்றவர்களுக்கு முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். அவற்றுள் ஹொன்ஜோ மசாமுனேயும் இருந்தது. ஜப்பானின் மிகப் பெரிய கொல்லர் என்று போற்றப்படும் மசாமுனேயின் கைவேலை, ஷோகன் பரம்பரையின் சின்னம், 1939இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் ஓர் அமெரிக்க சார்ஜன்ட் வந்து வாள்களை எடுத்துப் போனதாகப் பதிவு இருக்கிறது. பதிவில் உள்ள பெயரை வைத்து எவரையும் அடையாளம் காண முடியவில்லை. வாள் இன்றுவரை கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடக்கலாம்.

எல்லாமே போகாமல் தடுத்தவர்களில் ஒருவர் ஹொன்மா ஜுன்ஜி என்ற அறிஞர். அமெரிக்க 8ஆவது படையின் இராணுவப் பொலிஸுக்குப் பொறுப்பாக இருந்த கேணல் கட்வெலிடம் நல்ல வாள்களைக் கொண்டுபோய்க் காட்டினார். இது ஆயுதம் மட்டுமல்ல, கலைப்பொருள் என்று விளங்கவைத்தார். கலை மதிப்புள்ளவற்றை வைத்திருக்க அனுமதி கிடைத்தது. 1948இல் வாள்களைப் பாதுகாப்பதற்கான சங்கம் ஒன்று உருவானது. டோக்கியோவின் அகாபானேயில் இருந்த அமெரிக்கக் களஞ்சியத்திலிருந்து சுமார் 5,500 வாள்கள் மீட்கப்பட்டன. ஆனால் பாருங்கள், மீட்ட பிறகும் அவை பல தசாப்தங்கள் கிடப்பில் கிடந்து துருப்பிடித்தன. 1995இல் ஒரு சட்டம் வந்து, 1999இல்தான் பெரும்பாலானவை நாடெங்கும் உள்ள அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

திரும்பி வந்தவையும் உண்டு. ககோஷிமாவின் தெருக்குனி கோயிலுக்குச் சொந்தமான குனிமுனே தாச்சி யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வோல்ட்டர் கொம்ப்டன் என்ற சேகரிப்பாளர் அதைக் கண்டுகொண்டு, பணம் எதுவும் வாங்காமல் 1963இல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார். 2020இல் ஒக்காயாமாவில் உள்ள செத்தோஉச்சி என்ற சிறிய நகரம், பொதுமக்களிடம் பணம் சேர்த்து 50 கோடி யென்னுக்கு ‘யமத்தோரிகே’ என்ற தேசியப் பொக்கிஷ வாளை அதன் உடுப்போடு சேர்த்து வாங்கியது. அந்த வாள் பிறந்த பிசென் பிரதேசம் அதுதான்.

இந்த இடத்தில் நண்பரின் வீட்டு வரவேற்பறைக்குத் திரும்புகிறேன்.

வாள் மேசையில் இருந்தது. உறை மரமல்ல, உலோகம், மண்ணிறப் பூச்சு. கைகாப்பிலும் பிடியிலும் செர்ரிப் பூக்கள். தங்கமில்லை, பித்தளைமேல் பூச்சு. உறையில் தொங்கல் வளையம். பார்த்ததும் விளங்கிவிட்டது: இது 1934இல் ஜப்பானியத் தரைப்படை தன் அதிகாரிகளுக்காகக் கொண்டுவந்த வாள் உடுப்பு. அதற்கு முன்னர் அவர்கள் ஐரோப்பியப் பாணியில் வாள் அணிந்தார்கள். தேசியவாதம் தலைக்கேறிய காலத்தில் பழைய தாச்சியைப் பார்த்து இதை வடிவமைத்தார்கள். அதாவது கஸாதாச்சியின் தூரத்துப் பேரப்பிள்ளை, தொழிற்சாலையில் பிறந்தது. நண்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“அப்ப இது பெறுமதியில்லாததோ?” என்று அம்மா கேட்டார்.

உடுப்பை வைத்துச் சொல்ல முடியாது, அன்ரி என்றேன். அந்த உலோக உறைகளுக்குள் பெரும்பாலும் இருந்தது யுத்தகாலத்தில் அவசரமாகச் செய்த அலகுகள். ஆனால் சில அதிகாரிகள் வீட்டில் பரம்பரையாக இருந்த பழைய அலகை எடுத்து, இராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு போருக்குப் போனார்கள். 400, 500 வருடத்து அலகு இப்படி ஒரு மலிவு உறைக்குள் இருக்கக்கூடும். பார்க்க ஒரே வழி மூங்கில் ஆணியைக் கழற்றுவது.

கழற்றுவதற்கு முன்னர் நான் கேட்டேன், ஏன் சீலிங்குக்கு மேலே போனது என்று. நண்பர் அம்மாவைப் பார்த்தார்.

83 ஜூலை வரைக்கும் அது அலுமாரியில்தான் இருந்ததாம். அப்பப்பா வருடத்துக்கு இரண்டு தடவை எடுத்து எண்ணெய் பூசுவாராம். ஜூலைக்குப் பிறகு தமிழ் வீட்டில் வாள் இருக்கக் கூடாது என்றாகிவிட்டது. எறியவும் பயம், எறியும்போது யாராவது பார்த்தால்? சாக்கில் சுற்றி, பொலித்தீனில் கட்டி மேலே போட்டார்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிவளைப்பின்போதும் அம்மாவுக்கு நெஞ்சு அடிக்கும். யாரும் மேலே ஏறவில்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு, வாள் கத்திகளைப் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கும்படி மே மாதத்தில் அறிவித்தபோது, நண்பரின் அப்பா அதை இறக்கிக் கொண்டுபோவதற்கு ஆயத்தமானார். வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். “இவ்வளவு வருஷம் எங்க வச்சிருந்தனீங்கள் எண்டு கேட்டா என்ன சொல்லுறது?” அப்பா இப்போது இல்லை.

நான் அவர்களுக்கு மெஜிரோ பொலிஸ் நிலையக் கதையைச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போட எழும்பினார்.

36 வருடம் பொலித்தீனுக்குள் ஈரம் பிடித்த மூங்கில் ஆணி இலகுவில் வரவில்லை. ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டித் தட்டி எடுத்தோம். பிடி அசைய அரை மணித்தியாலம். உள்ளே இருந்த அடிப்பகுதி, ஜப்பானியர் நகாகோ என்பது, தெரிந்தபோது நாங்கள் மூவரும் குனிந்துகொண்டிருந்தோம். யுத்தகாலத் தொழிற்சாலை அலகுகளில் பொதுவாக ஒரு சிறிய முத்திரை அடித்திருக்கும். இதில் அது இல்லை. ஒன்றுக்கு இரண்டு ஆணித் துளைகள். துரு கறுப்பாக, வழவழப்பாக இருந்தது, அலகின் மேலிருந்த செந்துருவைப் போல அல்ல. விளிம்பில் ஒரு எழுத்தின் மேல்பாதி மட்டும் தெரிந்தது, கீழ்ப்பாதி வெட்டுப்பட்டிருந்தது. நீளமான தாச்சியைப் பிற்காலத்தில் கதானாவாக்கும்போது அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அப்போது கொல்லரின் பெயரும் போய்விடும், புதிய துளை போட வேண்டியும் வரும். இங்கேயும் அதுதான் நடந்ததா என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இது 1940களின் அலகு அல்ல என்று நினைக்க இடமிருந்தது.

இப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் செய்யக்கூடியவை கொஞ்சம்தான். அடிப்பகுதியின் துருவைத் தொடவே கூடாது. வயதைக் கணிப்பவர்களுக்கு அதுதான் சான்று, அதைச் சுரண்டினால் வாளின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்தது போல. அலகை வெறும் கையால் தொட வேண்டாம், வியர்வையின் உப்பு ஒரே நாளில் அடையாளம் வைக்கும். சாண்ட்பேப்பர், எலுமிச்சம்புளி, பித்தளை மினுக்கும் திரவம் எதுவும் வேண்டாம். மெல்லிய பஞ்சுத் துணியால் ஒரு துளி எண்ணெய் பூசுவது போதும். ஜப்பானில் பாரம்பரியமாகப் பூசுவது சோஜி எண்ணெய். சோஜி என்றால் கராம்பு. மாத்தளை, கண்டிப் பக்கம் காய்க்கும் அதே கராம்பு. அதற்காகக் குசினியில் இருக்கும் கராம்பை நசுக்க வேண்டாம், தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் தற்காலிகமாகச் சரிவரும். அதன் பின்னர் அடிப்பகுதியின் இரு பக்கத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். பெறுமதி பற்றிக் கதைக்கும் எவரையும் அதற்கு முன்னர் வீட்டுக்குள் விட வேண்டாம்.

நாங்கள் எடுத்தது 22 படங்கள். இரண்டு இடங்களுக்கு அனுப்பியிருக்கிறோம். ஓரிடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது: அலகின் முழு நீளத்தையும், துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் மில்லிமீற்றரில் அளந்து அனுப்பும்படி.

திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு ஜப்பானில் எங்காவது இருக்குமோ என்று அம்மா கேட்டார். பிடியின் தலைப்பகுதியில் சில அதிகாரிகள் வெள்ளியில் குடும்பச் சின்னம் பதித்துக்கொள்வார்கள், அது இருந்தால் தேடிப் பார்க்கலாம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சின்னம் இருந்திருக்க வேண்டிய இடம் வெறுமையாகத்தான் இருந்தது. ஒட்டியிருந்த எதையோ யாரோ நெம்பி எடுத்ததைப் போல இரண்டு சிறு கீறல்கள்.

பிடியைத் திரும்ப மாட்டி, ஆணியைத் தட்டினோம். இப்போது அது சீலிங்குக்கு மேலே இல்லை. அலுமாரியின் நடுத்தட்டில், பருத்தித் துணிக்குள், படுக்கையாக இருக்கிறது. அளவுநாடா எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் போக வேண்டும்.